அடிகுழாய்க்குக் காதுகுத்து

உள்ளே வாருங்கள் சிஸ்டர். தலையைக் கொஞ்சம் குனிந்துகொள்ளுங்கள், நிலை தணிவு. அவ்வளவுதான். இதுதான் அறை. நீள அகலமெல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதலில் இந்தக் குழாயைத் திறங்கள். நான் திறக்க மாட்டேன், நீங்களே திறங்கள். பார்த்தீர்களா எப்படிக் கொட்டுகிறது என்று. இந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். எட்டு மாதமாக வருகிறது. சிரிப்பைச் சொல்கிறேன், தண்ணீரும்தான். மூடிவிடுங்கள். வேண்டாம், இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்.

வாடகையை மெதுவாகப் பேசுவோம். வரும்போது கேட்டீர்களே, சந்து முனையில் ஓர் அடிகுழாய் நிற்கிறதே, அதற்கு யார் பொட்டு வைத்து மாலை போட்டது என்று. அதைச் சொல்லாமல் இந்த அறையை யாருக்கும் காட்டுவது கிடையாது. போன வாரம் வந்தவர் பாதியில் எழுந்து போய்விட்டார், அவருக்கு அவசரம். நீங்கள் நர்ஸ், நிதானமானவர். அந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருங்கள்.

என் பெயர் தனபாக்கியம். இட்லி மாவு விற்கிறேன். இந்த அறையும் பக்கத்து அறையும் என்னுடையவை. அதில் நான் இருக்கிறேன், இதை வாடகைக்கு விடுகிறேன். வாய்க்கால்கரை நாலாவது சந்தில் மொத்தம் அறுபத்து நாலு வீடு. அறுபத்து நாலுக்கும் சேர்த்து அந்த ஒரே அடிகுழாய். கக்கூஸ் என்றால் மெயின் ரோட்டில் காசு கொடுத்துப் போவது. மழை பெய்தால் வாய்க்கால் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகும். மாவு வியாபாரத்துக்கு அரிசியா முக்கியம் என்கிறீர்கள்? தண்ணீர் சிஸ்டர், தண்ணீர். அரிசி களைய நாலு குடம், உளுந்துக்கு இரண்டு, கிரைண்டர் கழுவ இரண்டு. எட்டுக் குடத்துக்கு எட்டுப் பேரிடம் வாய்ச்சண்டை.

இந்த அறையில் பதினொரு வருடம் ஒச்சம்மா இருந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. ஒரு லாட்ஜில் படுக்கைத் துணி துவைக்கும் வேலை. புருஷன் இல்லை, ஒரு மகள், கட்டிக் கொடுத்தாயிற்று. எனக்கும் அவளுக்கும் நடுவில் இந்தச் சுவர் ஒன்றுதான். விடியற்காலையில் அடிகுழாயில் கூட்டம் இல்லை என்றால் இந்த இடத்தில் இரண்டு தட்டுத் தட்டுவாள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். தட்டு என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அவளாகத் தட்டுவாள். அவளைப் பற்றி இது போதும். கதை குழாயைப் பற்றியது.

ஒரு நாள் ஜெசிந்தா மேடம் வந்தார். குடிசைப் பகுதி மேம்பாட்டுத் திட்ட அலுவலகத்தில் சமுதாய அமைப்பாளர். கூட்டம் கூட்டினார், சுவரில் படம் ஒட்டினார். படத்தில் எங்கள் சந்து, எங்கள் சந்துதான், ஆனால் சேறு இல்லை. கழிவுநீருக்குத் தனிக் குழாய், வீட்டுக்கு வீடு தண்ணீர்க் குழாய், வீட்டுக்குள்ளேயே கக்கூஸ், மேலே சிமெண்ட் சாலை. படத்தில் ஒரு பெண் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகிறாள். எங்கள் சந்தில் அன்றைக்கு ஆடுகூட நேராகப் போக முடியாது. மொத்தச் செலவு பன்னிரண்டு லட்சத்து எண்பதாயிரம் என்றார். பத்தில் ஒன்பது பங்கு திட்டம் போடும், ஒரு பங்கு நாங்கள் போட வேண்டும். வீட்டுக்கு இரண்டாயிரம்.

மூன்றாம் நம்பர் சுப்புராம் எழுந்தார். பழ வண்டி தள்ளுகிறவர். அவர் கேட்ட கேள்வியை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்போம்.

"ஏம்மா, பங்களாத் தெருவுல குழாய் போட்டப்ப அங்கயும் இப்படித்தான் ஜமுக்காளம் விரிச்சு உண்டியல் குலுக்குனீங்களா?"

மேடம் தண்ணீர் குடித்தார். அதுவும் நாங்கள் அடித்துக் கொடுத்த தண்ணீர். கேள்வி நியாயமானதுதான் சிஸ்டர். ஆனால் நியாயம் பேசிக்கொண்டிருந்தால் குழாய் வராதே.

பாங்கில் கணக்குத் திறந்தோம். நான் பொருளாளர். மாதாமாதம் வீடு வீடாகப் போனேன். மூன்று மாதத்தில் சேர்ந்தது ஏழாயிரத்து நானூறு. கேட்டால் எல்லாரும் பழைய கதையைச் சொன்னார்கள். முன்னே ஒருவன் கழிப்பறை கட்டித் தருகிறேன் என்று வீட்டுக்கு நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனான். அவன் இன்னும் கழிப்பறையை விட்டு வெளியே வரவில்லை என்று சந்தில் பேச்சு. மேடம் கெடு வைத்துவிட்டார். மார்ச் முப்பத்தொன்றுக்குள் ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரமும் கணக்கில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திட்டப் பணம் வேறு பகுதிக்குப் போய்விடும், எங்களைக் காலி செய்கிற பட்டியலில் சேர்த்து ஊருக்கு வெளியே அடுக்கு வீட்டுக்கு அனுப்பினாலும் அனுப்புவார்கள். நாலாவது மாடியில் உட்கார்ந்து நான் யாருக்கு மாவு விற்பது, காக்கைக்கா?

அப்போதுதான் அந்த யோசனை எனக்கு வந்தது. எனக்கு. எப்படி வந்தது என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒச்சம்மா அவள் ஊரில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு வந்தாள். அந்த மாதத்தில் அது நாலாவது. சம்பளம் முழுதும் மொய்யாகப் போய்விட்ட எரிச்சல். நான் உளுந்து களைந்துகொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

"இந்தச் சனம் குழாய்க்கு ரெண்டாயிரம் குடுக்காதுக்கா. பத்திரிக்கை வச்சா வட்டிக்கு வாங்கியாச்சும் குடுக்கும். பேசாம அந்தக் குழாய்க்கு ஒரு காதைக் குத்திப் பாரு."

கேலியாகச் சொல்லிவிட்டுக் கால் கழுவப் போய்விட்டாள். அவளுக்கு அது கேலி. நான்தான் உளுந்தைப் பிடித்த கையோடு அப்படியே நின்றேன். யோசனை என்பது அப்படி நிற்பவர்களுக்குத்தான் வரும்.

நீங்கள் நாகர்கோவில் பக்கம் என்கிறீர்கள். எங்கள் பக்கத்து மொய் வேறு மாதிரி சிஸ்டர். பந்தலில் மைக் வைத்து, இன்னார் இவ்வளவு என்று ஊருக்கே கேட்கிற மாதிரி வாசிப்பார்கள். நோட்டில் ஏறும். நாளைக்கு அவர் வீட்டு விசேஷத்தில் நோட்டைப் புரட்டிப் பார்த்து, அதற்கு மேலே கொஞ்சம் சேர்த்து நாம் செய்ய வேண்டும். செய்யாதவன் தெருவில் நடக்க முடியாது. அரசாங்கத்துக்குப் பயப்படாதவன் இந்த நோட்டுக்குப் பயப்படுவான்.

ஜெசிந்தா மேடத்திடம் போய்ச் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் பேனாவை எடுத்தார். பணம் எந்த வழியில் வந்தாலும் மக்கள் பங்களிப்புதான், ஆனால் கொடுத்தவர் பெயர், கதவு எண் போட்ட நோட்டு வேண்டும் என்றார். இன்னொன்றும் சொன்னார்.

"அந்த நோட்டை வச்சுத்தாம்மா இணைப்பு அட்டை போடுவோம். கதவுக்கு ஒரு பேரு. சொந்த வீடா வாடகையான்னு பாக்க மாட்டோம். யாரு குடியிருந்து பணம் கட்டுறாங்களோ அவங்க பேர்லதான் அட்டை. நாளைக்கு இங்கருந்து காலி பண்ணச் சொன்னாலும் அந்த அட்டைக்குத்தான் மாத்து வீடு."

சரி மேடம் என்றேன். அன்றைக்கு மாவில் உப்புப் போட மறந்துவிட்டேன். மறுநாள் ஏழெட்டுப் பேர் கிண்ணத்தோடு வந்து சண்டை.

பத்திரிகை அடித்தோம். உண்மையான பத்திரிகை, மஞ்சள் தடவி, பிள்ளையார் போட்டு. 'நாலாவது சந்தின் செல்வ மகள் அடிகுழாய்க்குக் காதணி விழா. தங்கள் வருகையை அன்புடன் விரும்பும் தனபாக்கியம்.' அம்மா என்று யாராவது இருக்க வேண்டுமே, யோசனை யாருடையதோ அவள்தான் அம்மா. இரண்டாவது சந்து, மூன்றாவது சந்து, ஐந்தாவது சந்து, அரிசி மண்டி, டீக்கடை, உளுந்து வாங்குகிற கடை, எல்லா இடத்திலும் வெற்றிலை பாக்கோடு வைத்தோம். டீக்கடைக்காரர் பத்திரிகையை மூன்று முறை படித்துவிட்டு, பெண் என்ன நட்சத்திரம் என்று கேட்டார். சதயம் என்று ஒச்சம்மா சொன்னாள். எங்கிருந்து பிடித்தாளோ.

பெரிய பிரச்சனை காது. அடிகுழாய்க்குக் காது எங்கே இருக்கிறது? இரண்டு நாள் சந்து முழுதும் இதே விவாதம். தண்ணீர் விழுகிற மூக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது. அப்படியென்றால் மூக்குத்தி விழா வைத்திருக்க வேண்டும் என்றார் சுப்புராம். கடைசியில் ஒச்சம்மா குழாயைச் சுற்றி வந்து, கைப்பிடியைப் பொருத்தியிருக்கிற இடத்தில் இரண்டு பக்கமும் இருக்கிற போல்ட்டைத் தொட்டுக் காட்டினாள். காது. விவாதம் அதோடு முடிந்தது. அன்றையிலிருந்து எனக்கு எந்த அடிகுழாயைப் பார்த்தாலும் காதுதான் தெரிகிறது. உங்களுக்கும் இனிமேல் தெரியும், பாருங்கள்.

அடுத்தது தாய்மாமன். மாமன் மடியில் உட்காராமல் எந்தப் பிள்ளைக்குக் காது குத்துவார்கள்? எனக்கு ஒரு தம்பி உண்டு, பேச்சுவார்த்தை இல்லை. சந்தில் நாலு ஆம்பிளைகளைக் கேட்டோம், மாமன் என்றால் சீர் செய்ய வேண்டுமே, நாலு பேருக்கும் அன்றைக்கு வேலை இருந்தது. அப்புறம் ஒச்சம்மா சொன்னாள்:

"மாமன் இல்லாத பிள்ளையா அது? நான் இருக்கேன் மாமன்."

விழா அன்று பார்க்க வேண்டும் அவளை. லாட்ஜ் துண்டு ஒன்றைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு, மேளம் முன்னால் போக, ஏழு தட்டுச் சீரோடு சந்துக்குள் வருகிறாள். வாழைப்பழம், தேங்காய், பொரி உருண்டை, குழாய்க்கு ஒரு பட்டுப்பாவாடை. பட்டுப்பாவாடை சிஸ்டர், அளவெடுத்துத் தைத்தது. குழாய்க்கு நாங்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, பாவாடை கட்டி, மாலை போட்டோம். ஒச்சம்மா பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதன் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். ஆசாரி வரவில்லை, சைக்கிள் கடைக்காரர்தான் ஸ்பானரோடு வந்தார். போல்ட்டை ஒரு சுற்றுத் தளர்த்தினார். குழாய் கிறீச்சென்றது. பிள்ளை அழுகிறது, பிள்ளை அழுகிறது என்று சந்து முழுதும் ஒரே கூச்சல். சீனியை அள்ளி அதன் மூக்குக்குள் போட்டார்கள். சிரித்துச் சிரித்து எனக்கு விலாவில் பிடித்துக்கொண்டது.

அப்போது ஒச்சம்மா தன் காதில் கிடந்த தோட்டைக் கழற்றினாள். அவளிடம் இருந்த ஒரே தங்கம். இரண்டு போல்ட்டிலும் நூல் கட்டி மாட்டினாள். அப்புறம் மேளக்காரர் அடித்த அடி இருக்கிறதே.

மொய் எழுத நான் உட்கார்ந்தேன். விசேஷ வீட்டார் மொய் எழுத உட்காரமாட்டார்கள், தெரியும். ஆனால் சந்தில் நல்ல கையெழுத்து எனக்குத்தான், எட்டாவது வரை படித்தவள். மைக்கைப் பிடித்தது டீக்கடைக்காரர். 'மூன்றாம் நம்பர் சுப்புராம் குடும்பத்தார், நூற்றியொன்று' என்று வாசித்தார். ஆட்டுக்குட்டிகூடக் கத்தவில்லை. சுப்புராம் வீட்டம்மா எழுந்து போய் மைக்கை வாங்கினார். அது பத்திரிகை படித்ததற்கு, இது காது குத்துக்கு என்று இடுப்பிலிருந்து இரண்டாயிரத்தை எடுத்து வைத்தார். அதற்கப்புறம் நூற்றியொன்று என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மூன்று மாதம் கதவைச் சாத்திக்கொண்டவர்கள் வரிசையில் நின்றார்கள். அரிசி மண்டிக்காரர் ஐயாயிரம். ஐந்தாவது சந்திலிருந்து பொறாமையில் வந்தவர்கள்கூட ஐந்நூறு ஐந்நூறாக எழுதினார்கள்.

நோட்டில் முதல் வரி 'விசேஷ வீட்டார், கதவு எண் முப்பத்தேழு, தனபாக்கியம்.' விசேஷ வீட்டார் மொய் செய்வதில்லை, அதனால் தொகை போடவில்லை. கதவு எண் முப்பத்தெட்டு என்பது இந்த அறை. எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அதற்கு நேராக என் மகன் செல்வக்கண்ணன் பெயரில் இரண்டாயிரம் எழுதினேன். அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், விழாவுக்கு வர முடியவில்லை. பணம் நான்தான் வைத்தேன். பிள்ளைக்குத் தாய் வைப்பது எங்கும் நடப்பதுதானே. விசேஷ வீட்டார் எழுதக் கூடாது என்றேனே, அது எனக்கு. அவன் தனிக் குடும்பம், தனி உலை.

ஒச்சம்மா பெயர் எங்கே என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்வேன். அவள் மாமன். மாமன் செய்வது சீர். சீரை யாராவது மொய் நோட்டில் எழுதுவார்களா? எழுதினால் அது அவளை இறக்கிப் பேசுவது. அவளுக்கே அது தெரியும், அவள் ஊரில் இதெல்லாம் இன்னும் கடுமை.

சாயங்காலம் எண்ணினோம். பாங்கில் இருந்ததையும் சேர்த்து ஒரு லட்சத்துப் பதினேழாயிரம். திரும்பத் திரும்ப எண்ணினோம், பதினோராயிரம் குறைந்தது. மறுநாள் முப்பத்தொன்று. சந்து முழுதும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் தலையில் கையை வைத்து உட்கார்ந்திருக்கிறது. ஒச்சம்மா எழுந்து குழாயிடம் போனாள். நூலை அவிழ்த்தாள். கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். யார்தான் நினைக்கமாட்டார்கள்? தோட்டைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள்.

"பிள்ளைக்குப் போட்டது பிள்ளைக்குத்தான்க்கா. காலையில மொத ஆளாப் போய் வித்துட்டு வா."

பதினோராயிரத்து நானூறுக்குப் போனது. பதினோராயிரத்தைச் சேர்த்துப் பாங்கில் கட்டிவிட்டு, நானூறுக்கு ஜாங்கிரி வாங்கி வந்தேன். வீட்டுக்கு ஒன்று, கணக்காக அறுபத்து நாலு. ஒச்சம்மா துடைப்பத்து ஈர்க்கை ஒடித்துக் காதில் செருகிக்கொண்டாள், துளை தூர்ந்துவிடாமல் இருக்க. புது நகை நல்லாருக்கே என்று நான்கூடக் கேலி செய்தேன். சிரித்தாள். நன்றாகச் சிரிப்பாள்.

ஒரு வாரம் கழித்து ஜெசிந்தா மேடம் நோட்டைச் சரிபார்க்க வந்தார். என் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். கதவு எண், பெயர், தொகை. முப்பத்தெட்டு, செல்வக்கண்ணன் என்று வாசித்தார். டிக் அடித்தார். ஒச்சம்மா மேடத்துக்குக் காபி கொண்டுவந்து என் பின்னால் நின்றாள், காதில் ஈர்க்குச்சி. கடைசிப் பக்கம் வந்ததும் மேடம் பேனாவை மூடவில்லை.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. இங்க குடியிருக்கறவங்க யாரும் விட்டுப் போயிருக்கா?"

நான் திரும்பி ஒச்சம்மாவைப் பார்த்தேன். அவள் டம்ளரைப் பார்த்தாள். காபியில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

"எல்லாரும் வந்தாச்சு மேடம்" என்றேன்.

வேறு என்ன சொல்ல? சீர் செய்தவள் நிற்கும்போது மொய் எழுதாதவள் என்று சொல்வதா? அவளும் வாய் திறக்கவில்லை. அவளுக்குச் சம்மதம் என்றுதானே அர்த்தம். காபியைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அப்புறம் நடந்ததையெல்லாம் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பத்து மாதம் பள்ளம் தோண்டினார்கள். பலகை போட்டு நடந்தோம். மாவுப் பாத்திரத்தோடு நான் ஒரு முறை பள்ளத்தில் விழுந்தேன், எனக்கு ஒன்றும் இல்லை, மாவு போய்விட்டது, தூக்கிவிட்டவர்கள் ஒரு வாரம் என்னைத் தோசை என்று கூப்பிட்டார்கள். தண்ணீர் திறந்த அன்றைக்கு அறுபத்து நாலு வீட்டிலும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தோம், ஒரு வீட்டிலும் வரவில்லை. பாதிப் பேர் மூடுங்கள் என்று கத்த, மூடினோம். அப்போது வந்தது. சுப்புராம் அன்றைக்கு நாலு முறை குளித்தார். நான் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். சும்மா பார்த்தேன். ஒச்சம்மா சுவரைத் தட்டினாள், இரண்டு தட்டு. 'வந்துருச்சு, வந்துருச்சு' என்று நானும் என் பக்கமிருந்து தட்டினேன். இரண்டு பைத்தியக்காரிகள்.

அட்டை வந்தது. முப்பத்தெட்டுக்கு வந்த அட்டையை அவள்தான் தபால்காரரிடம் வாங்கி என்னிடம் கொண்டுவந்தாள்.

"கண்ணன் பேரா?" என்றாள்.

"ஆமா" என்றேன்.

"நல்லது" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

வாடகை முன்பு ஆயிரத்து ஐந்நூறு. இப்போது வீட்டுக்குள் குழாய், கக்கூஸ், சிமெண்ட் தரை. சந்து முழுதும் நாலாயிரத்து ஐந்நூறு வாங்குகிறார்கள். பதினொரு வருடப் பழக்கம் ஆயிற்றே என்று அவளுக்கு மட்டும் நாலாயிரத்து இருநூறு என்றேன். முந்நூறு ரூபாய் குறைத்தேன் சிஸ்டர். அந்த மாதக் கடைசியில், நான் மாவு போடப் போயிருந்த நேரத்தில், ஒரு குட்டியானை வண்டி வைத்துச் சாமானை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். மகள் வீட்டுக்கு, செக்கானூரணி தாண்டி. அங்கிருந்து லாட்ஜுக்கு இரண்டு பஸ் மாறி வருகிறாள் என்று கேள்வி. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதினொரு வருடம். வாசலைக் கழுவிக் கோலம் போட்டுச் சாவியை நிலையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. என்ன குறை வைத்தேன் அவளுக்கு, நீங்களே சொல்லுங்கள்.

விடுங்கள். சிரிக்கிற விஷயத்தைச் சொல்கிறேன். மொய் வாங்கினால் திருப்பிச் செய்ய வேண்டும் இல்லையா? ஊரில் எல்லாரும் எங்கள் குழாய்க்குச் செய்தவர்கள். இப்போது அவரவர் வீட்டு விசேஷத்துக்குக் குழாய்க்குப் பத்திரிகை வருகிறது. 'செல்வி அடிகுழாய், நாலாவது சந்து' என்று உறையில் எழுதி, கைப்பிடியில் செருகிவிட்டுப் போகிறார்கள். அரிசி மண்டிக்காரர் மகள் கல்யாணத்தில் மைக்கில் வாசித்தார்கள், 'அடிகுழாய், ஐயாயிரத்து ஐந்நூறு' என்று. மாப்பிள்ளை வீட்டார் எழுந்து நின்று யார் அது என்று பார்த்தார்கள். குழாய்ப் பராமரிப்புக்கு வீட்டுக்கு மாதம் ஐம்பது ரூபாய் சேர்க்கிறோம், மேடத்தின் உத்தரவு. அதில் பாதி மொய்யாகத்தான் போகிறது. கணக்கில் குழாய்ச் செலவு என்று எழுதுகிறேன். பொய் இல்லையே. மேடம் போன மாதம் படித்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு செலவு வைக்கிற குழாயை எங்கும் பார்த்ததில்லை என்றார். இப்போது யாரும் அதில் தண்ணீர் அடிப்பதில்லை. ஆனாலும் பிடுங்க வந்தவர்களை நாங்கள் விடவில்லை. எத்தனை வீட்டு உறவு அதற்கு.

முந்தாநாள் ஒரு பத்திரிகை செருகியிருந்தது. ஒச்சம்மா பேத்திக்குக் காதணி விழா. வரும் ஞாயிற்றுக்கிழமை. உறையில் 'மருமகள் அடிகுழாய்க்கு' என்று எழுதியிருந்தது. அவள் மாமன் ஆயிற்றே, அதனால் மருமகள். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்ளேயும் பார்த்தேன். தனபாக்கியம் என்று எங்கும் இல்லை.

வழக்கப்படி நோட்டை எடுத்தேன். அவள் என்ன செய்தாள் என்று பார்த்து, மேலே கொஞ்சம் சேர்த்து எழுத வேண்டுமே. முதல் பக்கத்திலிருந்து தேடினேன். இல்லை என்று தெரியும், ஆனாலும் ஒரு வரி விடாமல் விரல் வைத்துத் தேடினேன். கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து முடிந்து, கீழே நாலு வரி வெறுமையாக இருக்கிறது. நல்ல அகலமான வரிகள். ஒரு பெயர் தாராளமாகப் பிடிக்கும்.

நோட்டில் இல்லாதவளுக்கு எவ்வளவு செய்வது சிஸ்டர்? சந்தில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். சுப்புராம் மட்டும் பழத்தை அடுக்கிக்கொண்டே இருந்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

தண்ணீரை மூடிவிடுங்கள், ரொம்ப நேரமாக ஓடுகிறது.

வாடகை நாலாயிரத்து ஐந்நூறு. அட்வான்ஸ் இருபதாயிரம். உங்களுக்குப் பிடித்திருந்தால் அட்வான்ஸை இன்றைக்கே கொடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு இடையில் இரண்டு நாள்தான் இருக்கிறது. நகைக்கடையில் விசாரித்துவிட்டேன், அதே எடைத் தோடு இப்போது பதினெட்டாயிரத்துச் சொச்சம் என்கிறான். பேத்திக்கு என்றால் பொட்டுக் கம்மல் போதும், அவ்வளவு ஆகாது. ஆனால் நான் பெரியவர்கள் போடுகிற தோடுதான் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். குழாய் கொடுத்ததாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். நான் பேசக்கூட வேண்டியதில்லை.

ஒரே ஒரு சந்தேகம், உங்களைத்தான் கேட்க வேண்டும் என்று அப்போதே நினைத்தேன், நீங்கள் நர்ஸ் என்று தரகர் சொன்னபோதே. போன வாரம் டவுன் பஸ்ஸில் அவளைத் தூரத்திலிருந்து பார்த்தேன். காதில் ஈர்க்குச்சி இல்லை. தோட்டைக் கழற்றி ஒன்றரை வருடம் ஆகிறது. அதற்குள் காது தூர்ந்துபோயிருக்குமா சிஸ்டர்?